ஆடிக் காற்றும் அம்மாச்சி வீட்டு வேப்பமரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் எல்லோருக்கும் ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் ஞாபகம் வரும். ராஜபாளையம் என்றால் நாய் ஞாபகம் வரும் (ஊர்க்காரனான எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான் :)). இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். எங்கள் வீடு ராஜபாளையத்தில், அம்மாச்சி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இன்று எழுதப்போவது கோயிலைப் பற்றியும் இல்லை, நாயைப் பற்றியும் இல்லை. அம்மாச்சி வீட்டு வாசலில் நிற்கும் ஒரு வேப்பமரத்தைப் பற்றி.

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி நல்ல காற்று. தொடை கனத்தில் ஒரு கொப்பு முறிந்து ஓட்டுக் கூரையில் விழுந்துவிட்டது. பத்துப் பதினைந்து ஓடு நொறுங்கியது. அம்மாச்சி அன்றைக்கு உள் அறையில் படுத்திருந்ததால் தப்பித்தார். வழக்கமாக அவர் படுக்கும் கட்டில் விழுந்த இடத்துக்கு நேர் கீழேதான் கிடந்தது.

மறுநாள் காலையில் குடும்பமே கூடிவிட்டது. "அத்தை, மரத்தைத் தூரோட எடுத்துருவோம். ஒத்தையில இருக்கீங்க, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் அப்பா. "எடுக்க வேண்டாம், மேல மொட்டையடிச்சு விட்டாப் போதும்" என்றார் மாமா. அம்மாச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மாப்பிள்ளை, நான் போனதுக்கு அப்புறம் வெட்டிக்கோங்க."

பி.காம் படிக்கிற என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி விழுந்துவிட்டது. காற்றும் மரமும் நேற்று வந்தவை இல்லையே? இத்தனை நூற்றாண்டாக மனிதர்கள் வீட்டு மரத்தைக் காற்று மழைக்கு எப்படித் தயார் செய்தார்கள்? எந்தப் புயலில் என்ன கற்றுக்கொண்டார்கள்? கல்லூரி நூலகத்திலும் இணையத்திலும் படித்ததையும், பெரியவர்களிடம் கேட்டதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

புயல் நம்ம ஊருக்கு வருமா?

"நமக்கு மேற்கே மலை, கிழக்கே கடல் ரொம்ப தூரம். புயல் எல்லாம் கடலூர், நாகப்பட்டினத்துக்குத்தான்" என்பது எங்கள் ஊரில் பொதுவான நம்பிக்கை. பாதி உண்மை. ஆனால் மரத்துக்கு ஆபத்து புயல் என்ற பெயரில்தான் வரவேண்டும் என்று சட்டம் இல்லையே.

எங்கள் பக்கம் வருடத்தில் மூன்று முறை மரங்களுக்குப் பரீட்சை நடக்கிறது. முதலாவது சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழை. பத்து நிமிடம்தான் அடிக்கும், ஆனால் திடீரென்று சுழற்றி அடிக்கும். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அப்போது வயிற்றைக் கலக்கும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காயும் பழமுமாகத் தொங்கும் நேரம் அது. இரண்டாவது ஆனி, ஆடிக் காற்று. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட, இந்தப் பக்கம் காற்று மட்டும் இறங்கி வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் தென்காசி, கயத்தாறு பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரிந்திருக்கும். மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மழை. இதில் காற்றைவிட ஈரம்தான் எதிரி. மண் ஊறி இளகிவிட்டால், சாதாரணக் காற்றே மரத்தைச் சாய்த்துவிடும்.

இது போக நிஜமான புயல்களும் தெற்கே வந்திருக்கின்றன. 1992 நவம்பரில் தூத்துக்குடி அருகே கரையைக் கடந்த புயல் தாமிரபரணியில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலிலேயே கடந்து போனது. அது தமிழ்நாட்டுக் கரையைக் கடக்கவே இல்லை. ஆனாலும் குமரி மாவட்டத்தில் ரப்பர், வாழை, தெருவோர மரங்கள் என்று ஆயிரக்கணக்கில் விழுந்தன. "நமக்கு வராது" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெரியவர்கள் மரம் வைத்த விதம்

மரத்துக்கு மரம் இடைவெளி வேண்டும் என்பது நேற்று வந்த அறிவு இல்லை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மரம் வளர்ப்புக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. இரண்டு மரங்களுக்கு நடுவே 20 முழம் விட்டால் உத்தமம், 16 முழம் மத்திமம், 12 முழம் கடைசிபட்சம் என்று அதில் கணக்கு இருக்கிறது. ஒரு முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 30 அடி, 24 அடி, 18 அடி. நெருக்கி வைத்தால் வேரோடு வேர் பின்னிக்கொண்டு மரம் சரியாகப் பலன் தராது என்ற காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. 1,500 வருடத்துக்கு முன்பே ஒருவர் வேரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்! நாம் இன்றைக்கு மூன்று சென்ட் மனையில் ஒரு தென்னை, ஒரு மா, ஒரு வேம்பு, ஒரு கொய்யா என்று வைக்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைக் கவனித்தால் அவர்களிடமும் ஒரு கணக்கு இருந்தது தெரியும். வேம்பு வாசலில், கூரையிலிருந்து தள்ளி நிற்கும். புளி ஊருக்கு வெளியே. முருங்கை வீட்டுக்குப் பின்னால். "முருங்கையை வாசல்ல வைக்கக்கூடாது" என்று அம்மாச்சி சொல்வதை நான் மூடநம்பிக்கை என்றே நினைத்திருந்தேன். ஆனால் முருங்கை எவ்வளவு பருத்தாலும் தூண் ஆகாது. லேசான காற்றுக்கே மளுக்கென்று முறியும். ஆள் நடமாடும் இடத்தில் வைக்காதே என்பதைத்தான் பெரியவர்கள் இப்படிச் சொல்லி வைத்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது. வருடா வருடம் முருங்கையை வெட்டிக் குட்டையாக வைத்திருப்பதும் அந்த வழியில் வந்த பழக்கம்தான்.

நிழலுக்காக வந்த மரங்கள்

அடுத்த மாற்றம் நகரங்கள் வளர்ந்தபோது வந்தது. சாலைக்குச் சீக்கிரம் நிழல் வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று வெளிநாட்டு மரங்கள் வந்தன. சிவப்பாகப் பூக்கும் குல்மோஹர் மடகாஸ்கர்க்காரர். தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளைச் சேர்ந்தது. இரண்டும் வேகமாக வளரும், குடை மாதிரி அகலமாக விரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950ல் மத்திய அமைச்சர் கே.எம்.முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கிவைத்தார். அந்தச் சமயம் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர் எங்கள் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா (1949 முதல் 1952 வரை). மரம் நடுவது அரசாங்க விழாவானது நல்ல விஷயம்தான். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நாம் எண்ணுவது நட்ட கன்றுகளை மட்டும்தான். நட்ட பிறகு அதற்கு எவ்வளவு மண் கிடைத்தது, யார் கொப்பு கழித்தார்கள், முப்பது வருடம் கழித்து அது எப்படி நிற்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. எங்கள் பாடத்தில் சொல்வதென்றால், சொத்து வாங்கியதைப் பதிவு செய்கிறோம், பராமரிப்புச் செலவுக்குக் கணக்கே திறப்பதில்லை.

அந்தக் கணக்கு 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் மொத்தமாக நேர் செய்யப்பட்டது. வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசி ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் சாய்த்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வேர் வட்டமாகப் பெயர்ந்து, நடைபாதைக் கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிடந்த மரங்களை டிவியில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. குல்மோஹர் போன்ற வெளிநாட்டு மரங்கள் அதிகம் விழுந்தன, நாட்டு மரங்கள் ஓரளவு தாங்கின என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் மரத்தின் சாதி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சுற்றிலும் கான்கிரீட் போட்டு இரண்டடிக் குழிக்குள் நிற்கவைத்தால் எந்த மரம்தான் கால் ஊன்றும்? அதே சமயம் மண் தாராளமாக இருக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஏராளமான மரங்கள் விழுந்தன. காற்று ஓர் அளவைத் தாண்டினால் யாரும் தப்ப முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு எளிய இயற்பியல் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் அது தரும் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 50 கிலோமீட்டர் காற்றில் லேசாக ஆடிய மரம் 100 கிலோமீட்டர் காற்றில் ஏன் பெயர்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு ஓக் மரம் சொன்ன பாடம்

நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கிலாந்தில் நடந்தது. 1987 அக்டோபர் 15, 16 தேதிகளில் அங்கே ஒரு பெரும் புயல் அடித்தது. சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்ததாக மதிப்பிடுகிறார்கள். லண்டனில் இருக்கும் கியூ தாவரவியல் பூங்காவில் மட்டும் சுமார் 700 மரங்கள் போயின.

அங்கே 1798ல் நட்ட 'டர்னர் ஓக்' என்ற மரம் ஒன்று உண்டு. புயலுக்கு முன்பே அது நோயாளி மாதிரி வாடிக்கொண்டிருந்தது. புயல் அந்த மரத்தை வேர்த்தட்டோடு அப்படியே மேலே தூக்கி, திரும்ப அதே குழியில் உட்கார வைத்துவிட்டது. இது எப்படியும் சாகப்போகிறது, விழுந்த மரங்களை முதலில் அகற்றுவோம், இதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்று முட்டுக் கொடுத்து விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து வந்து பார்த்தால் மரம் பல வருடமாக இல்லாத செழிப்போடு நிற்கிறது!

காரணம் என்ன? இத்தனை வருடமாக வந்துபோன பார்வையாளர்களின் காலடியில் மரத்தைச் சுற்றிய மண் கட்டாந்தரையாக இறுகிப்போயிருந்தது. வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. புயல் தூக்கிப் போட்டதில் மண் இளகிவிட்டது. அதன்பிறகு கியூ பூங்காவில் பழைய மரங்களின் அடிமண்ணை இளக்கிக் கொடுப்பதே ஒரு வைத்தியமாகிவிட்டது.

வேர் என்றால் ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வளர்ந்த மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல் மூன்றடி மண்ணுக்குள்ளேயே, கொப்பு விரிந்திருக்கும் அகலத்தையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அந்த மூன்றடியைத்தான் நாம் சிமெண்ட் போட்டு மூடுகிறோம், குழாய் பதிக்க வெட்டுகிறோம், வண்டி நிறுத்தி அழுத்துகிறோம்.

கொப்பை எங்கே வெட்டுவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ (1930-2006). ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். மனிதத் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் அந்த இடத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி, அழுகலை அங்கேயே பூட்டி வைக்கப் பார்க்கிறது என்று காட்டினார். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் மரம் சுவர் எழுப்பிக்கொள்ளும். தடிப்பையும் சேர்த்துச் சீவினால் அழுகல் தண்டுக்குள் இறங்கும். அரை அடி குச்சியாக நீட்டி விட்டாலும் அது மட்கி உள்ளே போகும். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசுவதாலும் பெரிய பிரயோஜனம் இல்லை என்றார்.

மாமா சொன்ன மொட்டையடிப்பு இருக்கிறதே, அது எல்லாவற்றிலும் மோசம். மேலே மொட்டையாக வெட்டிய இடத்தில் பத்துப் பதினைந்து தளிர் ஒரே சமயத்தில் கிளம்பும். பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் அவை உள் மரத்தோடு சேராமல் வெளிப்புறத்தில் ஒட்டவைத்த மாதிரிதான் நிற்கும். நாலைந்து வருடத்தில் கனமாகிவிடும், அடியில் அழுகலும் சேர்ந்துவிடும். அப்புறம் ஒரு காற்று போதும்.

கஜாவும் தென்னையும்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர். உச்சியில் மட்டையும் குலையுமாக மொத்தப் பாரம். புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களையும் கனத்த அடிமட்டைகளையும் இறக்கிவிட வேண்டும், தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும், தூரில் மண் அணைக்க வேண்டும் என்று வேளாண் துறையினர் சொல்வது இதனால்தான். ஆனால் பச்சை மட்டைகளை மொத்தமாகக் கழித்து மொட்டையாக்கிவிடக் கூடாது. தென்னைக்கு ஒரே குருத்துதான், போனால் போனதுதான்.

வணிகவியல் மாணவனாக இந்த இடத்தில் ஒரு கணக்கு. தென்னை வளர்ச்சி வாரியம் 2009-10ல் தென்னை மரக் காப்பீட்டைச் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் ஒரு கட்டத்தில் 16 முதல் 60 வயதுள்ள மரத்துக்கு வருடப் பிரீமியம் 14 ரூபாய், காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய் என்று இருந்தது. பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டின. விவசாயி கட்டவேண்டியிருந்தது மூன்றரை ரூபாய்! கஜாவுக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். எந்தத் தொகையும் முப்பது வருடத் தென்னைக்கு ஈடாகாது என்பது வேறு விஷயம். நஷ்டம் வருவதற்கு முன்னால் செய்யும் ஒதுக்கீடு எவ்வளவு மலிவானது என்பதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டு வாசல் மரத்துக்கோ நாம் செய்யும் பராமரிப்புதான் பிரீமியம்.

அம்மாச்சி வீட்டில் என்ன நடந்தது

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சி வீட்டுக்குப் போய் மரத்தைச் சுற்றி வந்தேன். முறிந்த கொப்பின் அடியைப் பார்த்தால் உள்ளே கறுப்பாக மட்கியிருந்தது. "இந்த இடத்துல முன்னாடி வெட்டினீங்களா அம்மாச்சி?" என்று கேட்டேன். "உங்க சித்தி கல்யாணத்துக்குப் பந்தல் போட இடைஞ்சலா இருக்குன்னு மேல வெட்டுனாங்கய்யா" என்றார். அதே கல்யாணத்துக்குத்தான் வாசல் முழுக்க சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள், மரத்தின் தூரை ஒட்டி, ஒரு விரல் இடைவெளி இல்லாமல். தெற்குப் பக்கம் தொட்டிக்குக் குழாய் பதிக்கத் தோண்டியபோது குறுக்கே வந்த இரண்டு பெரிய வேர்களையும் வெட்டியது எனக்கே தெரியும். நான்தான் கடப்பாரை எடுத்துக் கொடுத்தேன்.

ஆக, ஆடிக் காற்று செய்தது கடைசிக் கையெழுத்து மட்டும்தான். பத்திரம் எழுதியது நாங்கள்.

அப்பாவிடம் இதை விளக்க ஒரு வாரம் ஆனது. கடைசியில் ஒத்துக்கொண்டார். கொத்தனாரை வைத்து மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்கு சிமெண்டை உடைத்து எடுத்தோம். மண்ணைக் கிளறி (வேர் அறுபடாமல் கையால்தான்) சருகும் மட்கிய எருவும் போட்டோம். மரம் ஏறுகிற ஒருவரை அழைத்து, காய்ந்த கொப்புகளையும், கூரைக்கு மேல் நீண்டிருந்த ஒட்டுத்தளிர்க் கொப்புகள் மூன்றையும் மட்டும் எடுக்கச் சொன்னோம். ஒரே தடவையில் மொத்தப் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொன்னபோது அவர் சிரித்தார். பெரிய கொப்புகளை முதலில் அடியில் பாதி, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து முழுக்க, கடைசியில் தடிப்பை ஒட்டி என்று மூன்று வெட்டாக எடுத்தார். இப்படி எடுத்தால் பட்டை உரியாது. அரிவாள் வேண்டாம், ரம்பம்தான் என்பதில் அம்மாச்சி கறாராக இருந்தார். :)

உங்கள் வீட்டிலும் மரம் இருந்தால் பங்குனியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். தூரில் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் பொந்து சத்தம் வருகிறதா, திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து எதிர்ப்பக்கம் மண் விரிசல் விட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் தாமதிக்க வேண்டாம், அப்படிப்பட்ட மரத்தை எடுப்பதுதான் நியாயம். மின்கம்பியை ஒட்டிய கொப்பை நீங்களாக வெட்டாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். புதிதாகக் கன்று வைத்தால் கம்பு ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடி வளர்கிற கன்றுக்குத்தான் தண்டு பருக்கும். தோப்பை அழித்து பிளாட் போடும்போது மிச்சம் விட்ட ஒற்றை மரத்துக்கு அடியில் வீடு கட்டுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சுற்றியிருந்த மரங்கள் தாங்கிய காற்றை இனி அது தனியாகத் தாங்க வேண்டும்.

அம்மாச்சியின் மரம் இனி விழவே விழாது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. வெட்டிய வேர் திரும்ப வளர வருடங்கள் ஆகும். அதனால் அப்பா போட்ட ஒரு நிபந்தனையை அம்மாச்சியும் ஏற்றுக்கொண்டார்: காற்றுக் காலத்திலும் அடைமழைக் காலத்திலும் கட்டில் உள் அறையில்தான். மற்ற நாட்களில் வழக்கம்போல மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் போனபோது உடைத்த வட்டத்துக்குள் வேப்பங்கன்று நாலைந்து முளைத்திருந்தது. அதற்கும் அம்மாச்சி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அம்மாச்சி, இவ்வளவு நெருக்கமா வைக்கக்கூடாது, இருபது முழம் இடைவெளி விடணும்" என்றேன். "படிச்ச புள்ள, நீ அளந்து எடுத்துட்டுப் போய் உங்க வீட்டுல வை" என்றார்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலை அளந்து பார்த்தேன். முழுக்க சிமெண்ட். கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறேன்.